வீட்டு டேப்பில் இருக்கும் குரல்கள்

கிராமபோன் காலத்தில் கம்பெனி கொடுத்ததை நாம் கேட்டோம். டேப் ரிக்கார்டர் வந்த பிறகுதான் நம் வீட்டுக் குரலை நாமே பிடித்து வைக்க முடிந்தது. கைப்பேசியை நீட்டினால் பாட்டும் படமும் சேர்ந்து பதிகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதன் அருமையைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஒரு தாலாட்டைப் பதிவதென்றால் மின்விசிறியை நிறுத்தி, வாசல் கதவைச் சாத்தி, குழந்தைகளின் வாயைப் பொத்தி, வீடே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சாதாரணக் குடும்பங்களில் அப்படிப் பதிந்த முதல் பதிவுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் காரைக்காலில் பிறந்தவன். பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, என் மனைவியின் ஊரான பேராவூரணியில் குடியேறியவன். சங்கீதம் கற்றவனில்லை. கோப்புக்குத் தலைப்பு எழுதுவதும் பதிவேட்டில் தேதி போடுவதும்தான் எனக்குத் தெரிந்த தொழில். பழைய டேப்புகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். உலகத்தில் முதன்முதலாக ஒலியைப் பதிந்தவர் எடிசன் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். 1877 ஏப்ரலில், எடிசனுக்குச் சில மாதங்கள் முன்பே, ஷார்ல் க்ரோ என்ற கவிஞர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அந்த யோசனையை எழுதிக் கொடுத்திருந்தார் என்பது அவர் வாதம். அது உண்மைதான். ஆனால் அந்த இருவருக்கும் முன்னால் இன்னொருவர் இருக்கிறார். லெயோன் ஸ்கோத் என்ற அச்சுத் தொழிலாளி. விஞ்ஞானி அல்லர், பட்டம் பெற்றவர் அல்லர். அச்சுப் பிழை திருத்துகிற வேலையில் இருந்தவர்.

1857இல் அவர் ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். குழல் போன்ற வாயில் பேசினால் ஒரு சவ்வு அதிரும். சவ்வில் ஒட்டிய மெல்லிய முள், புகைக்கரி படிந்த காகிதத்தில் கோடு கிழிக்கும். அவ்வளவுதான். அதைத் திருப்பிப் போட்டுக் கேட்க வழியில்லை. குரலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. 1860 ஏப்ரல் 9 அன்று அவர் பதிந்த கோடுகள் பாரிஸில் பத்திரமாக இருந்தன. 2008இல் அமெரிக்காவில் கணினி மூலம் அந்தக் கோடுகளை ஒலியாக மாற்றினார்கள். வந்தது ஒரு பாட்டு, 'ஓ க்ளேர் த லா லூன்'. நிலா வெளிச்சத்தைப் பற்றிய குழந்தைப் பாட்டு. காரைக்காலில் சின்ன வகுப்பில் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்த அதே பாட்டுதான்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 2008இல் கேட்டபோது அது ஒரு சின்னப் பெண் பாடுவது போலிருந்தது. ஸ்கோத்தின் மகளாக இருக்கலாம் என்று கூடச் சொன்னார்கள். மறு ஆண்டே அது தவறு என்று தெரிந்தது. ஸ்கோத் தன் குரலுக்குப் பக்கத்திலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் பதிந்து, அது நொடிக்கு 500 அதிர்வு என்று குறித்திருந்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் போவதை ஒன்று, வருவதை ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள். போய் வருவதை ஒன்றாக எண்ணினால் அது 250தான். இது தெரியாமல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். சரியான வேகத்தில் கேட்டால் நடுவயது மனிதர் ஒருவர் நிதானமாகப் பாடுகிறார். பெரும்பாலும் ஸ்கோத்தேதான்.

148 ஆண்டு கழித்துக் காதில் விழுந்த குரல் ஆணா பெண்ணா என்பதையே ஒரு குறிப்பைப் படிக்கும் விதம் மாற்றிவிட்டது. அந்தக் குறிப்பும் இல்லாதிருந்தால் வேகத்தைச் சரிசெய்யப் பிடிமானமே இருந்திருக்காது.

எடிசனின் மெழுகு உருளைக் கருவியில் கேட்கவும் முடியும், பதியவும் முடியும். ஆக, 1890களிலேயே வசதியுள்ள வீட்டில் ஒருவர் தன் குழந்தையின் பாட்டைப் பதிந்துகொள்ள முடிந்தது. பிறகு பெர்லினரின் தட்டு வந்தது. மலிவு, நீண்ட நாள் உழைக்கும், ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். ஆனால் வீட்டில் கேட்க மட்டும்தான் முடியும். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் நம் நாட்டுப் பாட்டுகளைப் பதியத் தொடங்கினார். 1908இல் அங்கேயே தொழிற்சாலையும் வந்தது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அல்லது சற்றுக் கூட. யார் பாட வேண்டும், எதைப் பாட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் எல்லாம் கம்பெனி முடிவு. அடுத்த அரை நூற்றாண்டுக்கு வீட்டுக் குரலுக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்தக் கதவைத் திறந்தது காந்த டேப். ஜெர்மனியில் 1935இல் பொருட்காட்சிக்கு வந்து, போருக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. நம் ஊர் ரசிகர்களில் பணமும் ஆர்வமும் உள்ள சிலர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஸ்பூல் டேப் ரிக்கார்டரைக் கச்சேரிக்குத் தூக்கிப் போனார்கள். வானொலி முன்னால் வைத்தும் பதிந்தார்கள். மதுரை மணி ஐயர் (1912–1968) கொடுத்த இசைத்தட்டுகள் மிகக் குறைவு. இன்று அவர் பாட்டென்று நாம் கேட்பதில் பெரும்பகுதி இப்படிக் கச்சேரிகளில் பதிந்து வைத்ததுதான். நம் திருவிடைமருதூர்க்காரரான புல்லாங்குழல் மாலி (1926–1986) விஷயமும் கிட்டத்தட்ட அப்படியே. மூன்று நிமிடத் தட்டில் அடங்காத அவர்களுடைய சங்கீதம், சம்பளம் வாங்காத ரசிகர்களின் பெட்டிகளில் தங்கியது.

வித்வான்களின் டேப்புகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பெயர் எழுதாமல் போனாலும், நாலு ரசிகர்கள் கேட்டால் யார் பாட்டு, எந்த ஆண்டு வாக்கில், பக்கவாத்தியம் யார் என்று சொல்லிவிடுவார்கள். நம் அப்பாயிகளின் குரலுக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் பெரியப்பா சைகோனில் பிரெஞ்சு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களில் சைகோனுக்குப் போன ஒருவராவது அந்தக் காலத்தில் இருப்பார். 1963 கடைசியில் அவர் ஊர் திரும்பியபோது ஒரு பிலிப்ஸ் ஸ்பூல் மெஷினைக் கொண்டுவந்தார். சூட்கேஸ் மாதிரி மூடியும் கைப்பிடியும் இருக்கும். தூக்க இரண்டு கை வேண்டும். சத்தத்தின் அளவைக் காட்டுவதற்குப் பச்சை நிறத்தில் ஒளிரும் 'மேஜிக் கண்' ஒன்று இருந்தது. யாராவது பேசினால் அந்தப் பச்சை விரிந்து சுருங்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாட்டுக் கேட்க வந்ததைவிட அந்தக் கண்ணைப் பார்க்க வந்ததே அதிகம்.

1964 பொங்கலன்று அப்பாயியைப் பாட வைத்தார்கள். ஐந்து அங்குல ஸ்பூல், 600 அடி டேப். நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடும். அப்பாயி இரண்டு தாலாட்டும் ஒரு நலுங்குப் பாட்டும் பாடினார். அவருக்கு மைக் என்றால் மரியாதை. பாடி முடிக்கும்வரை அதைப் பார்த்துக் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. திருப்பிப் போட்டபோது, "இது நான் இல்லடா, எவளோ கெழவி" என்று சொல்லிவிட்டார். தன் குரலை முதன்முதலில் டேப்பில் கேட்கிற எல்லாரும் சொல்வதுதான் அது. நாம் பேசும்போது காது வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பு வழியாகவும் நம் குரலைக் கேட்கிறோம். அதனால் நமக்கு அது கனமாகத் தெரிகிறது. டேப்பில் அந்தக் கனம் இருப்பதில்லை.

அந்த டேப்பின் தொடக்கத்தில், பாட்டுக்கு முன்னால், ஓர் ஆண் குரல் "சுத்துதாண்ணே?" என்று கேட்கிறது. அது என் அப்பா. 1966இல் தவறிவிட்டார். அவர் குரலென்று இன்று உலகத்தில் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதைப் பதிய வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. எந்தக் கம்பெனி ஒலிப்பதிவுக் கூடத்திலும் அதை வெட்டி எறிந்திருப்பார்கள்.

பெரியப்பா முறையான மனிதர். டேப் டப்பாவின் முதுகில் பிரெஞ்சில் மூன்று விவரம் எழுதியிருந்தார். 'மாமான்', 14 ஜனவரி 1964, 9,5. சில ஆண்டுகளுக்கு முன் அதை நகரத்தில் ஒரு கடையில் கணினிக்கு மாற்றக் கொடுத்தேன். கேட்டுப் பார்த்தால் பத்து வயதுப் பெண் படபடவென்று பாடுகிறாள். அந்தக் கடை மெஷினில் வேகம் அங்குலக் கணக்கில் போட்டிருந்தது. 9,5 என்பது என்னவென்று புரியாமல் அந்தப் பையன் ஏழரை அங்குலத்தில் ஓட்டியிருக்கிறான். பிரெஞ்சுக்காரர்கள் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள் என்றும், 9.5 சென்டிமீட்டர் என்பது மூன்றே முக்கால் அங்குலம் என்றும் சொன்னேன். ஓட்டினான். அப்பாயி வந்தார். ஸ்கோத்துக்கு நேர்ந்த அதே இரண்டு மடங்கு வேகம்தான் எங்கள் அப்பாயிக்கும் நேர்ந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அவன் கொடுத்த தகட்டின் மேல் 'மாமன் பாட்டு' என்று எழுதியிருந்தது. பிரெஞ்சில் 'மாமான்' என்றால் அம்மா. பெரியப்பாவுக்கு அவர் அம்மா, எங்களுக்கு அப்பாயி. இதைச் சொல்ல நான் ஒருவன் இருந்ததால் சரியாயிற்று. எனக்குப் பிறகு அந்த டேப் யாரோ ஒரு மாமனுடைய பாட்டாகவே நிலைத்திருக்கும்.

அதே டேப்பில் நலுங்குப் பாட்டின் கடைசி அடிகளில் இன்னொரு பெண் குரல் சேர்ந்துகொள்கிறது. நல்ல குரல், சுருதி சுத்தம். அது யார் என்று எங்கள் குடும்பத்தில் இப்போது உயிரோடிருக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியப்பா அதை எழுதவில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த குரலாக இருந்திருக்கும். தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருப்பார்.

இனி நம் பேராவூரணி. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைமடையான நமக்கு எல்லாருக்கும் பிறகுதான் வந்து சேரும். டேப் ரிக்கார்டரும் அப்படித்தான் வந்தது. கனமான ஸ்பூல் மெஷின்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் அபூர்வம். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தி, அது சிங்கப்பூர், மலேயா, பிறகு துபாய் போனவர்களின் பெட்டியில் 'டூ இன் ஒன்' ஆக வந்து இறங்கியபோதுதான் இங்கே பதிவு தொடங்கியது. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் கடல் கடந்து போகாத குடும்பம் குறைவு. வரும்போது சென்ட் பாட்டில், நைலக்ஸ் புடவை, டூ இன் ஒன். கடிதம் எழுதத் தெரியாத பெண்கள் கேசட்டில் பேசி வெளிநாட்டுக்கு அனுப்பியதும் உண்டு.

அதன் பெரிய வசதி பேட்டரி. மின்சாரம் இல்லாத இடத்துக்கும் தூக்கிப் போகலாம். 1979இல் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மெஷினை நேரே வயலுக்கு எடுத்துப் போனார். நடவுக்கு வந்த ஏழு பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பாடினார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடி, இடையில் குலவை போட்டு, அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடியிருக்கிறது. காற்று மைக்கில் மோதும் இரைச்சலும் வாய்க்கால் சத்தமும் கூடவே இருக்கின்றன. மறுபக்கத்தில், நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழாவில் வாசித்த நாகசுரமும் தவிலும்.

அந்தப் பதிவில் எல்லாக் குரலும் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். காரணம் எளிது. பேட்டரி தளர்ந்து டேப் மெதுவாக ஓடும்போது பதிந்ததை, நல்ல பேட்டரியில் போட்டால் வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். கரண்டில் ஓடும் மெஷினில் பதிந்த டேப்பாக இருந்தால் அடியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அந்த இரைச்சலை வைத்தே சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்கோத்துக்கு இசைக்கவை எப்படியோ அப்படி. நாம் குறை என்று நினைக்கிற இரைச்சலும் ஒரு குறிப்புதான். பேட்டரிப் பதிவில் அது இருக்காது. நாகசுரத்தின் சுருதியை வைத்து ஓரளவு சரிசெய்தோம்.

என் மனைவி அன்றைக்கே அந்தக் கேசட்டின் உள் அட்டையில் ஏழு பெண்களின் பெயரையும் அவரவர் தெருவையும் பேனாவால் எழுதி வைத்தார். எடுத்துக் கொடுத்தவர் யார் என்பதற்கு ஒரு கோடு. கேசட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்னத் துண்டுகளையும் உடைத்துவிட்டார். உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் துண்டை உடைக்காததால் எத்தனை வீடுகளில் பாட்டியின் ஒப்பாரிக்கு மேல் சினிமாப் பாட்டு ஏறியிருக்கிறது என்பதும் ஞாபகம் இருக்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. தென்னை சாய்ந்ததையும் ஓடு பறந்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரம் போனவன் மரத்தை நினைத்து அழுதான். பரணில் நனைந்த கேசட்டை யாரும் கணக்கெடுக்கவில்லை. பல வீடுகளில் நனைந்த துணியோடும் புத்தகத்தோடும் சேர்த்துக் குப்பையில் போட்டார்கள். எங்கள் வீட்டுக் கேசட்டுகள் தகரப் பெட்டியில் இருந்ததால் தப்பின. தெரிந்தவர்கள் சிலர் கொண்டுவந்ததை வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தி, டேப்பை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தோம். பாதிக்கு மேல் பாடின. ஆனால் பெரும்பாலானவற்றின் மேல் எழுத்தே இல்லை. 'கல்யாணம்' என்று மட்டும் இருக்கும். யார் கல்யாணம்?

அதற்கு அடுத்த ஆண்டு, நடவுப் பாட்டு பாடிய ஏழு பேரில் ஒருவரின் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாட்டி இறந்து பல வருடம். அவர் பாடியது எங்களிடம் இருக்கிறதாமே என்று கேட்டாள். அட்டையில் பெயர் இருந்தது, தெரு இருந்தது, எடுத்துக் கொடுத்த குரல் அவருடையதுதான் என்ற கோடும் இருந்தது. பிரதி எடுத்துக் கொடுத்தோம். இன்று அந்த வயல்களில் பாதிக்கு மேல் மெஷின் நடவு. அந்தப் பாட்டை நட்டுக்கொண்டே பாடக் கேட்க இனி வழியில்லை.

பெரிய ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆர்னல்ட் பேக் என்ற டச்சுக்காரர் 1938இல் தென்னிந்தியா முழுவதும் சுற்றிக் கிராமத்துப் பாட்டுகளைப் பதிந்தார். 46 ஆண்டு கழித்து, 1984இல், நசீர் ஜெய்ராஜ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் அதே இடங்களைத் தேடிப் போனார்கள். பதிவைப் பாடியவர்களின் சமூகத்தாரிடமே போட்டுக் காட்டி, பாட்டில் எது மாறியது, எது நிலைத்தது என்று விசாரித்தார்கள். அவர்களால் போக முடிந்ததற்குக் காரணம், எங்கே, யாரிடம் பதிந்தது என்று பேக் எழுதி வைத்திருந்ததுதான்.

நம் வீட்டு டேப்புகளைத் தேடி எந்த ஆராய்ச்சியாளரும் வரப்போவதில்லை. நாமேதான் செய்ய வேண்டும். கணினிக்கு மாற்றுகிற வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். அது காசு கொடுத்தால் நடக்கும். குரலை அடையாளம் சொல்கிற வேலை காசு கொடுத்தாலும் நடக்காது. அதற்கு அந்தக் குரலை நேரில் கேட்டவர்கள் உயிரோடிருக்க வேண்டும். இன்றைக்கு அந்த ஆட்கள் எழுபதைத் தாண்டிய நாம்தான்.

ஆகையால் பெட்டியை இறக்கிக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் ஒரு தாளில் ஐந்து விவரம் எழுதுங்கள். பாடியவர் முழுப் பெயர், உங்களுக்கு என்ன உறவு. தேதி, தெரியாவிட்டால் யார் கல்யாணம், எந்தத் திருவிழா. இடம், எந்த வீடு, எந்தத் தெரு. எந்த மெஷின், கரண்டா பேட்டரியா, ஸ்பூல் என்றால் என்ன வேகம். கடைசியாக, பின்னால் கேட்கும் குரல்கள் யார் யாருடையவை. 'அம்மா', 'பாட்டி' என்று மட்டும் எழுதாதீர்கள். ஐம்பது வருடம் கழித்துப் படிப்பவருக்கு அது யாருடைய அம்மா என்று தெரியாது. எழுதியதைத் தமிழில், புள்ளிக்குப் புள்ளி, படிக்கிற மாதிரி எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம்.

தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள். எங்கள் 1964 டேப்பின் தாளில் நான் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: 'நலுங்குப் பாட்டின் முடிவில் சேரும் இரண்டாவது பெண் குரல், பெயர் தெரியவில்லை. காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு அருகில் குடியிருந்தவராக இருக்கலாம். தெரிந்தவர் சொன்னால் சேர்க்கவும்.' அதன் கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.